கோலமா, கூடையா, தறியா? நிரலாக்கம் தொடங்க எந்தக் கைவேலை

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்க வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைத்திருக்கிறது. கணினி அறைக்கு உடனே போகாமல் முதல் சில மாதங்கள் கையால் செய்து பழகட்டும் என்றும் முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி, எந்தக் கைவேலை? தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் சுலபமாகக் கிடைக்கக்கூடியவை என்று பார்த்தால் கோலம், ஒயர் கூடை, நெசவு, காகித மடிப்பு ஆகிய நான்கும் கையில் இருக்கின்றன. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் மின்சுற்று வைத்துத் தைக்கும் துணிவேலையும் உண்டு. இந்த ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொதுவாகப் பள்ளிகளில் இதைத் தீர்மானிப்பது செலவும், யாருக்கு எது தெரியும் என்பதும்தான். கைத்தொழில் ஆசிரியை கூடை பின்னுவார் என்றால் கூடை. அதில் தவறில்லை. ஆனால் நாம் சொல்லித்தர வந்தது கூடை அல்ல, அல்காரிதம், அதாவது படிமுறை. அதற்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்க்க எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை தவறு செய்தால் அது எப்போது கண்ணில் படுகிறது, எவ்வளவு பிரித்தால் சரியாகிறது? நிரல் எழுதுகிறவரின் நேரத்தில் பெரும்பகுதி பிழை தேடுவதில்தான் போகிறது. பிழையைக் காட்டாத கைவேலையும், பிழையைத் திருத்தவிடாத கைவேலையும் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுக்காது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுதிவைத்த படிமுறையில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் வேறு அளவில் அதே பொருள் வருமா? வந்தால் அது படிமுறை. இல்லையென்றால் அது வெறும் செய்முறைக் குறிப்பு.

எந்த வேலையை எடுத்தாலும் மாறாத நிபந்தனை ஒன்று இருக்கிறது. ஒருவர் செய்து பார்த்து எழுத வேண்டும். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல், இன்னொருவர் செய்ய வேண்டும். இது இல்லாவிட்டால் அது நல்ல கைவேலை வகுப்பாக இருக்கலாம், ஆனால் நிரலாக்க வகுப்பாக இருக்காது.

காகித மடிப்பு

இதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செலவே இல்லை, பழைய நோட்டுத் தாள் போதும். படிப்படியாகச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை ஒரே பாடவேளையில் புரியவைக்க இதைவிடச் சிறந்தது கிடையாது. "மூலையை மடி" என்று எழுதினால் எந்த மூலை, எந்தப் பக்கம், எதுவரை என்று கேள்வி எழும். ஒரு நீளப் பட்டையை ஒரே திசையில் மீண்டும் மீண்டும் பாதியாக மடித்து, பிரிக்கும்போது ஒவ்வொரு மடிப்பையும் செங்கோணமாக நிறுத்தினால் டிராகன் வளைவு என்று கணக்கில் பேர்பெற்ற வடிவம் வரும். ஒரு வேலை தன்னையே மறுபடி தனக்குள் அழைத்துக்கொள்ளும் தற்சுழற்சியை விளக்க அது அருமையான உதாரணம்.

ஆனால் மடிப்பு விழுந்தால் விழுந்ததுதான். தவறான கோடு தாளிலேயே நின்றுவிடும், அடுத்த மடிப்பைக் குழப்பும். தவறு தெரிவதும் பெரும்பாலும் கடைசியில்தான். கொக்கின் கழுத்து வராதபோது எந்தப் படியில் கோளாறு என்று திரும்பிப்போய்ப் பார்க்க வழியில்லை, புதுத்தாள் எடுக்க வேண்டியதுதான். "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்" என்ற நிபந்தனைக்கும் இதில் அநேகமாக இடமில்லை. ஆரம்பத்தில் ஒரு வகுப்பு, தற்சுழற்சிக்கு ஒரு வகுப்பு, அவ்வளவு போதும்.

ஒயர் கூடை

நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு என்று பெயர் வைத்துப் பழகிய கைகள் நம் ஊர்களில் நிறைய. அந்தப் பெயர்கள் நிரலாக்கத்துக்கு நேராக உதவும். ஒரு முடிச்சு எப்படிப் போடுவது என்று ஒருமுறை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், அதன்பின் "இங்கே ஒரு முடிச்சு" என்றாலே போதும். செயற்கூறு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அடிப்பாகத்தில் நீளத்துக்கு 20 முடிச்சு, அகலத்துக்கு 8 முடிச்சு என்று வைத்தால், பக்கவாட்டில் ஏறும்போது ஒரு சுற்றுக்கு 56 முடிச்சு. ஒரே படியைத் திரும்பத் திரும்பச் செய்வதை நிரலாக்கத்தில் மடக்கு என்பார்கள். சுற்றுகள் வெளி மடக்கு, ஒரு சுற்றுக்குள் இருக்கும் முடிச்சுகள் உள் மடக்கு. இரண்டு நிற ஒயர் வைத்துக் கட்டம் போட வேண்டும் என்றால் எந்த முடிச்சில் எந்த நிறம் என்று நிபந்தனை எழுத வேண்டியிருக்கும். எண்ணை மாற்றினால் கூடை பெரிதாகும், எழுதியது அப்படியே நிற்கும்.

தவறு விஷயத்திலும் கூடைக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். முடிச்சைப் புரட்டிப் போட்டுவிட்டால் அதன் முகம் பக்கத்து முடிச்சின் முகத்தைப் போல இருக்காது. உடனே தெரியும், பிரித்துப் போடலாம். ஆனால் ஒரு முடிச்சை விட்டுவிட்டு மூன்று சுற்று ஏறிய பின்தான் கவனித்தால் மூன்று சுற்றையும் பிரிக்க வேண்டும். பிழையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்பதை வேறெந்தப் பாடமும் இப்படி விரலில் உறைக்கும்படி சொல்லாது.

சிக்கல் நேரம்தான். நாற்பது பிள்ளைகள், வாரத்துக்கு நாற்பது நிமிடம் என்றால் ஒரு பருவம் முழுக்க அடிப்பாகத்திலேயே போய்விடும். முடிச்சு கைக்கு வரும் வரை படிமுறையைப் பற்றிப் பேசவே முடியாது. பாதியில் நிற்கும் கூடைகளைச் சிக்காமல் எங்கே வைப்பது என்பது இன்னொரு தொல்லை. கைப்பிடி இல்லாத சின்னப் பேனாக் கூடை என்று அளவைக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஆண்டு முழுவதும் நேரமும், உடன் நிற்கக் கைத்தொழில் ஆசிரியரும் இருக்கும் பள்ளிக்கு இது உகந்தது. மற்றவர்கள் ஆசைப்பட்டு இறங்கினால் பாதியில் நிற்பார்கள்.

நெசவு

கணினியின் வரலாற்றைப் பேசினால் தறியைத் தொடாமல் போக முடியாது. பிரான்சில் ஜக்கார்டு 1804ல் உருவாக்கிய கருவியில் துளையிட்ட அட்டைகள்தான் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் எது மேலே போக வேண்டும் என்று சொல்லின. துளை இருந்தால் நூல் மேலே, இல்லாவிட்டால் கீழே. சார்லஸ் பாபேஜ், கணினிக்கு முன்னோடியான தன் பகுப்புப் பொறிக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டது இங்கிருந்துதான். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிக்கு மேல் இன்றும் ஜக்கார்டு பெட்டி நிற்கிறது. அந்த ஊர்ப் பக்கம் பள்ளி இருந்தால் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அட்டைகள் நகர்வதைக் காட்டுங்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் புத்தகப் பை இல்லாத 10 நாட்கள் வேண்டும், உள்ளூர்த் தொழில் செய்பவர்களிடம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. உங்கள் பள்ளி அதைப் பின்பற்றுகிறது என்றால் இதற்கு நேரமும் கிடைத்துவிடும்.

வகுப்பறையில் தறி வேண்டாம். சார்ட் அட்டையை நீளவாக்கில் கீறி எட்டுப் பட்டைகளாக்குங்கள். வேறு நிறக் காகிதப் பட்டைகளைக் குறுக்கே கோர்க்கலாம். நீளப் பட்டை மேலே தெரிந்தால் 1, குறுக்குப் பட்டை மேலே தெரிந்தால் 0. ஒவ்வொரு வரிசையும் எட்டு இலக்க இருமக் குறியீடு ஆகிவிட்டது, அதாவது ஒரு பைட். சாதா நெசவு என்பது 10101010, 01010101 ஆகிய இரண்டு வரிசைகளின் மடக்கு. பதின்ம எண்ணில் சொன்னால் 170, 85. சாய்வுக்கோடு விழும் நெசவுக்கு 11001100 என்று தொடங்கி ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளுங்கள். கடைசி இலக்கம் முன்னால் வந்து சேரும். 204, 102, 51, 153 என்று நான்கு வரிசை வரும், ஐந்தாவது மறுபடியும் 204. வெறும் நான்கு எண்களை அடுத்த பெஞ்சுக்கு எழுதி அனுப்பி, அவர்கள் நெய்து காட்டும்போது வருகிற அந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். இருமக் குறியீட்டைப் பலகையில் நடத்தினால் பிள்ளைகளுக்கு அது வெறும் வகுத்தல் கணக்கு. இங்கே அது துணி.

தவறு அந்த வரிசையிலேயே தெரியும், பட்டையை உருவினால் போதும். அந்த வகையில் இது கூடையைவிடவும் மேல். ஆனால் நெசவு கற்றுக்கொடுப்பது முக்கியமாகத் தரவை: எப்படி எழுதுவது, எப்படிச் சுருக்குவது, எப்படி வரிசை வரிசையாக அணியில் வைப்பது. முடிவெடுக்கும் படிகள் இதில் குறைவு. இரண்டு மூன்று வகுப்புகளில் சாரம் கிடைத்துவிடும், அதற்கப்புறம் ஒரே மாதிரி ஆகிவிடும். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர்களை எழுப்பி நிறுத்தி "உங்க வீட்டுத் தொழில்தானே, சொல்லு" என்று கேட்காதீர்கள். அவர்களாகவே முன்வந்தால் சந்தோஷம்.

கோலம்

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஏன் என்று சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

கோலப் புத்தகங்களில் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: "15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8ல் நிறுத்தவும்." நடு வரிசையில் 15 புள்ளி, அடுத்த வரிசையில் இடைவெளிகளுக்கு நேரே 14, அப்புறம் 13, இப்படி 8 வரை. தொடக்க மதிப்பு, எவ்வளவு குறைய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு மடக்குக்குத் தேவையான மூன்றும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நடு வரிசைக்கு மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கோலம் போட்டுப் பழகியவருக்குச் சொல்லத் தேவையில்லை. பழகாத பிள்ளை எழுதியபடி ஒரு பக்கம் மட்டும் வைப்பான். கணினியும் அதையேதான் செய்யும். எழுதியதற்கும் நினைத்ததற்கும் உள்ள இடைவெளியை முதல் நாளே இப்படிக் காட்டிவிடலாம். அப்புறம் மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். 15 உடன் 8 முதல் 14 வரை உள்ள எண்களின் கூட்டுத்தொகையை இருமுறை சேர்த்தால் 169.

"7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1ல் நிறுத்தவும்" என்றால் புள்ளிக்கு நேரே புள்ளி வைத்து 7, 5, 3, 1 என்று இரண்டிரண்டாகக் குறையும். பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழி படிக்கப்போகும் பிள்ளை நட்சத்திரக் குறிகளால் சாய்சதுரம் அச்சிடும் பயிற்சியில் தவறாமல் மாட்டிக்கொள்வான். மடக்குக்குள் மடக்கு என்றாலே பலரும் பயப்படுவது அங்கேதான். அது நேர்ப்புள்ளி வைப்பதேதான். முன்னால் எத்தனை இடைவெளி விட வேண்டும், எத்தனை நட்சத்திரம் என்பதைத் தரையில் வைத்துப் பார்த்தவருக்கு அந்தப் பயம் வராது.

புள்ளி வைத்தாயிற்று. இனி சிக்குக் கோலத்தின் கோடு. சதுரக் கட்டமாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். விதி இரண்டே. பக்கத்துப் புள்ளி இருக்கிறது என்றால் இரண்டுக்கும் நடுவில் குறுக்கே கடந்து போ. இல்லையென்றால், அதாவது ஓரம் வந்துவிட்டது என்றால், புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பு. இது நிபந்தனைக் கூற்று. தொடங்கிய இடத்துக்குக் கோடு வந்து சேரும்போது எல்லாப் புள்ளியும் சுற்றப்பட்டிருக்கும், ஒரே கோடு. இப்போது 3 வரிசையில் மூன்று மூன்று புள்ளி வைத்து அதே விதியில் போடச் சொல்லுங்கள். கோடு தொடங்கிய இடத்துக்குச் சீக்கிரமே வந்துவிடும், பாதிக் கோலம் மிச்சம் இருக்கும். இன்னொரு கோடு, பிறகு இன்னொன்று, மொத்தம் மூன்று. 4க்கு 6 என்றால் இரண்டு. 5க்கு 7 என்றால் ஒன்று. ஆளுக்கொரு அளவைக் கொடுத்து விடைகளைப் பலகையில் அட்டவணையாக எழுதினால், கோடுகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

அதோடு விடாதீர்கள். 4க்கு 6 கட்டத்திலிருந்து 4க்கு 4 சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியில் போடச் சொல்லுங்கள். மிஞ்சியது 4க்கு 2. கோடுகள் இன்னமும் இரண்டுதான். அதிலிருந்தும் 2க்கு 2 சதுரத்தை எடுத்தால் மிஞ்சுவது 2க்கு 2, கோடுகள் இரண்டு. பத்தாம் வகுப்பில் யூக்ளிட் பெயரில் வரும் வகுத்தல் வழிமுறை இதுதான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான அல்காரிதத்தைப் பிள்ளைகள் சாக்பீஸால் தரையில் போட்டுவிட்டார்கள். (அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் விரலால் வரையும் சோனா ஓவியங்களும் இதே வகைக் கோடுகள்தான். மொசாம்பிக்கின் கணித அறிஞர் பாலுஸ் கெர்டெஸ் அவற்றைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நேரம் இருந்தால் அந்தப் படங்களையும் காட்டலாம்.)

பிழை எப்படித் தெரிகிறது? கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது, அல்லது ஒரு புள்ளி சுற்றப்படாமல் நிற்கும். கூடையைப் போல உடனே தெரியாது என்பது உண்மை. ஆனால் தவறு எங்கே நடந்தது என்பதற்குத் தடயம் தரையிலேயே கிடக்கிறது. விரலால் கோட்டைத் தொடர்ந்து போய், ஒவ்வொரு திருப்பத்திலும் விதியைச் சொல்லிப் பார்த்தால் பிசகிய இடம் அகப்படும். நிரலை ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பது என்பார்களே, அதே பழக்கம். சமச்சீரான கோலம் என்றால் ஒரு கால்பகுதியை மறு கால்பகுதியோடு ஒப்பிட்டும் பிடிக்கலாம். திருத்தும் செலவு ஈரத் துணியால் ஒரு துடைப்பு.

கணினிக்குப் போகும் பாதையும் கோலத்துக்குத்தான் மிகக் குறுகியது. 1967ல் சேமர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியில் பின்னால் ஆமை ஒன்று வந்து சேர்ந்தது. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்றால் கோடு போடும். இன்று பைத்தான் என்ற நிரல்மொழியில் டர்ட்டில் என்ற பெயரில் அதே ஆமை இருக்கிறது. கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் ஸ்க்ராட்சில் கோடு போடப் பேனா நீட்டிப்பு இருக்கிறது. தரையில் எழுதிய கட்டளைகளைக் கிட்டத்தட்ட அப்படியே திரைக்குக் கொண்டுபோகலாம். கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள இந்த உறவை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974லேயே கோலங்களைக் கணினியியலின் முறைசார் இலக்கணங்களாக, அதாவது வடிவங்களை உருவாக்கும் துல்லியமான விதித் தொகுப்புகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் வாசலில் போடுவது கணினியியல் ஆய்வின் பொருளாகி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கோலத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் மறைக்க வேண்டாம். பையன்களில் பலர் இது பெண்பிள்ளைகள் வேலை என்று ஒதுங்குவார்கள். சில வீடுகளில் கோலம் ஒரு மதத்தின் வழக்கம் என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். இரண்டுக்கும் நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். மாவும் வாசலும் இல்லாமல் புள்ளித் தாளில், பென்சிலில், "ஒரே கோட்டில் முடியுமா?" என்ற புதிராகத் தொடங்குங்கள். புதிர் என்று வந்துவிட்டால் யாரும் ஒதுங்குவதில்லை. பிறகு தரைக்குப் போகலாம். கோலம் நன்றாகப் போடும் அம்மாவையோ ஆயாவையோ ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். அவர் போடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதட்டும். பின்னர் அவர்கள் எழுதியதை ஒருவர் வாசிக்க, அவர் அந்தச் சொல்லை மட்டும் கேட்டுப் போட்டுக் காட்டட்டும். "இங்கே திரும்பணும்னு நீ சொல்லவே இல்லையே கண்ணு" என்று அவர் வாயால் கேட்பது நம் விளக்கத்தைவிட ஆழமாகப் பதியும்.

மின்சுற்றுத் துணி

2007ல் லியா பூச்லி வடிவமைத்து வெளிவந்த லில்லிபேட் அர்டுயினோ, மின்கடத்தும் நூலால் துணியில் தைக்கக்கூடிய சிறு கணினிப் பலகை. பையில் எல்.இ.டி. மின்ன வேண்டும் என்றால் தைக்கவும் வேண்டும், நிரலும் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் விளக்கு எரியவில்லை என்றால் காரணம் நிரலிலா, தளர்ந்த தையலிலா, பின்பக்கம் இரண்டு நூல்கள் உரசுவதாலா, மின்கலத்திலா என்று தெரியாது. தொடக்க நிலையில் இப்படிப் பிழை ஒளிந்துகொள்வது ஊக்கத்தைக் கெடுக்கும். நூலும் பலகையும் செலவு பிடிப்பவை, தைத்ததைப் பிரித்தால் நூல் வீண். 2016ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் அடல் டிங்கரிங் ஆய்வகம் உங்கள் பள்ளியில் இருந்தால் அர்டுயினோ கையில் இருக்கும். அப்போதும் இது இரண்டாம் ஆண்டுக்கு உரியது.

துணியிலேயே முடிக்க வேண்டும் என்ற ஆசைக்கு வேறு வழி உண்டு. டர்ட்டில்ஸ்டிச் என்ற இலவச வலைத்தளத்தில் ஆமைக் கட்டளைகளால் வரைந்தால் அதை எம்பிராய்டரி எந்திரத்துக்கான டி.எஸ்.டி. கோப்பாக இறக்கலாம். ஜாக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் கடை இப்போது சிறு ஊர்களிலும் இருக்கிறது. கடைக்காரர் ஒப்புக்கொண்டால், பிள்ளைகள் தரையில் போட்டு, திரைக்குக் கொண்டுபோன அதே கோலம் கைக்குட்டையில் நூலாக வந்துவிடும்.

ஒரு பருவம்தான் நேரம் என்றால் என் வரிசை இப்படி: ஒரு வகுப்பு காகித மடிப்பு, இரண்டு மூன்று வகுப்பு காகித நெசவு, மீதி முழுக்கக் கோலம், கடைசி சில வாரம் கணினி அறை. ஆண்டு முழுவதும் இருந்தால், கோலத்துக்குப் பிறகு விருப்பமுள்ள சிறு குழுவுக்குக் கூடை. மதிப்பெண் போட்டாக வேண்டும் என்றால் கோலத்தின் அழகுக்குப் போடாதீர்கள். எழுதிய தாளை வாங்கிப் பாருங்கள். அடித்துத் திருத்திய வரிகள் அதில் இருக்கும். எதை, ஏன் மாற்றினாய் என்று கேட்டு, அந்தப் பதிலுக்குப் போடுங்கள்.